கேஜ் இறங்குவதற்குள் ஒரு கதை

சினிமாவுக்குக் கதை பண்ணுவதை இப்போது வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார்களாம். முழுக்கதை பிறகு இருக்கட்டும், முதலில் ஒரே வரியில் சொல் என்கிறார்களாம். ஆள் யார், அவனுக்கு என்ன வேண்டும், குறுக்கே நிற்பது எது, கிடைக்காவிட்டால் என்ன ஆகும், எல்லாம் அந்த ஒரு வரிக்குள் வந்துவிட வேண்டுமாம். கேட்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நாங்கள் அதைக் கோலார் தங்கவயலில் கேஜில் நின்றுகொண்டே கற்றோம். கற்றதனால் ஒரு நன்மையும் விளையவில்லை என்பது வேறு விஷயம்.

கேஜ் என்பது சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற இரும்புக் கூண்டு. மைன்ஸ் சர்க்கார் கைக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்த காலம் அது. காலை ஷிப்டில் தோளோடு தோள் ஒட்டி நிற்போம். கதவைச் சாத்தி மணி அடித்ததும் கூண்டு கீழே போகும், வயிறு மட்டும் மேலேயே நின்றுவிடும். பயமாக இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதிலாக எவனாவது ஏதாவது பேசிக்கொண்டு வரவேண்டும். எங்கள் கேஜில் அந்த வேலை எப்படியோ என் தலையில் விழுந்தது. எனக்குச் சினிமாப் பைத்தியம் உண்டு. படம் பார்த்துவிட்டு வந்தால் சும்மா இருக்க மாட்டேன். கதாநாயகி அந்த இடத்தில் அழுதிருக்கக்கூடாது, அண்ணன்காரன் முதலிலேயே வந்திருக்க வேண்டும் என்று திருத்திக்கொண்டே இருப்பேன். "ஏம்பா, நீயே ஒண்ணு பண்ணேன்" என்று ஒருநாள் யாரோ சொல்ல, ஆரம்பித்துவிட்டேன்.

கேஜ் நேராக அடிக்குப் போகாது. லெவல் லெவலாக நின்று, அந்தந்த லெவலில் வேலை செய்பவர்களை இறக்கிவிட்டுப் போகும். அதனால் மேல் லெவல்காரனுக்குக் கதையின் ஆரம்பம் மட்டும்தான் கிடைக்கும். நல்ல கதையாக இருந்தால் ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் என்னைத் தேடிப் பிடித்து, "அப்பறம் இன்னா ஆச்சு?" என்று கேட்பான். கேட்காமல் வீட்டைப் பார்த்து நடந்தானென்றால் அந்தக் கதையைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இதைவிடக் கறாரான பரீட்சையை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

என் முதல் கதைகளெல்லாம் அந்தப் பரீட்சையில் மண்ணைக் கவ்வின. "ஒரு ஊர்ல ஒரு பண்ணையார்" என்று ஆரம்பித்தால் இருட்டிலிருந்து குரல் வரும். "பண்ணையார் இன்னாத்துக்கு? ஆளு எதுல மாட்டிகினான், அத்தச் சொல்லு." நான் ஊரைக் கழித்தேன், பண்ணையாரைக் கழித்தேன், மழைக்காலத்தைக் கழித்தேன், கதாநாயகியின் கண்ணழகைக் கழித்தேன். கடைசியில் ஓர் ஆளும் அவனுடைய சிக்கலும் மட்டும் மிஞ்சின. அப்படிக் கழித்துக் கழித்துச் சொன்னதில்தான் ஒன்று தேறியது. கேஜை ஏற்றி இறக்குகிற எஞ்சின் டிரைவர் ஒருவன். அவன் பேச்சை மீறி அவனுடைய ஒரே மகளைக் கட்டிக்கொண்டு போனவன் தினமும் அவன் இறக்குகிற கேஜில்தான் நிற்கிறான். அவ்வளவுதான் கதை. சொல்லி முடித்ததும் கூண்டில் ஒருத்தர் மெதுவாகக் கேட்டார், "நம்ம டிரைவருக்குப் பொண்ணு எதுனா கீதாடா?"

அன்று சாயங்காலம் வெளியே வந்தபோது என்னைச் சுற்றிக் கூட்டம். "இறக்குனானா, வுட்டானா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எங்கள் நிஜ டிரைவரின் காதுக்கும் அது போய், அவருக்கு மகளே இல்லாவிட்டாலும், கொஞ்ச நாள் என்னைக் கண்டால் முறைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதே யோசித்திருக்கலாம், கேஜில் சொன்னது கேஜோடு நிற்காது என்று. பாராட்டு வருகிற நேரத்தில் யார் யோசிக்கிறார்கள்?

ஒரு கதையை மட்டும் நான் கேஜில் சொன்னதே இல்லை. அது என் அக்காவின் கதை.

அக்கா ஸ்கெலட்டன் என்கிற மைன்ஸ் குடியிருப்பில் எங்களுக்கு அடுத்த லைனில், அதாவது அடுத்த வரிசை வீடுகளில், குடியிருந்தாள். ஆழத்தில் பாறை சில சமயம் தானாகவே வெடிக்கும். அதை நாங்கள் ஏர் பிளாஸ்ட் என்போம். மேலே லைன் வீடுகளில் அலமாரிச் சாமான்கள் கடகடவென்று ஆடும், பெண்கள் வாசலுக்கு ஓடி வருவார்கள். ஒருநாள் பகல் ஷிப்டில் அப்படி ஆடியபோது மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், கீழே இருந்தார். கூட இருந்தவர்களை எடுத்தோம். அவர் நின்ற இடத்துக்கு மட்டும் போக முடியவில்லை. எடுக்க எடுக்க மேலிருந்து சரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் அந்தப் பக்கத்தையே சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. நானே அந்தத் தேடுதலில் இருந்தேன். சுவர் வைத்தபோது கல் எடுத்துக் கொடுத்த கைகளில் என் கையும் ஒன்று.

அக்கா தாலியைக் கழற்றவில்லை. "கண்ணால பாக்காம எத்த வெச்சிடா கழட்டச் சொல்றே?" என்பாள். பொட்டும் வைத்துக்கொள்வாள். காலையிலும் சாயங்காலமும் சங்கு ஊதும்போது வாசலுக்கு வந்து நின்று, வேலை முடிந்து வருகிறவர்களைப் பார்த்துவிட்டு உள்ளே போவாள். லைனில் யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வாயைத் திறந்து எதுவும் கேட்காத ஒருத்தி தினமும் அப்படி நிற்பதைப் பார்ப்பது இருக்கிறதே, அது பெரிய வேதனை. வருஷங்கள் போன பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து பேசிப் பேசி ஒருவழியாக அவளைச் சம்மதிக்க வைத்தார்கள். உடம்புக்குப் பதிலாக மாமாவின் வேலைச் சட்டையைச் தங்கம் பிரித்தெடுத்த மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டுக்கு அந்தண்டை இருந்த சுடுகாட்டில் புதைத்துக் கருமாதி செய்துவிடுவது என்று முடிவாயிற்று. நாளும் குறித்தார்கள். அக்கா அந்தச் சட்டையைத் துவைத்து, மடித்து, டிரங்குப் பெட்டியின் மேல் வைத்தாள். அன்றைக்கு அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

அந்த நிம்மதியில்தான் அந்த வரி எனக்கு வந்தது. புருஷன் எங்கே கிடக்கிறான் என்று தெரியும், எடுக்க முடியாது. அவன் தலைக்கு நேர் மேலே ஒருத்தி தினமும் அடுப்பு மூட்டிச் சமைக்கிறாள். இதை நான் யாரிடமும் சோதித்துப் பார்க்கவில்லை. கேஜில் நின்ற அத்தனை பேருக்கும் அது தெரிந்த சங்கதி, கதையே அல்ல.

என் கூட்டாளி ஒருவன் இருந்தான். என்னோடு ஒரே லெவலில் கல் வண்டி தள்ளுபவன். அவனுடைய சித்தப்பா மகன் கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் லைட்மேனாக இருந்தான். "வா, மெட்ராஸ் போலாம். ஒரு மொதலாளிகிட்ட வுட்டுடறேன்னு சொல்லிகீறான்" என்று கூட்டாளி என்னை நச்சரித்தான். கருமாதிக்கு இன்னும் நாள் இருந்தது. லீவு போட்டுவிட்டு ஊரிகத்தில் ரயில் ஏறி, பங்காருப்பேட்டையில் மாறி, இரண்டு பேரும் போனோம்.

அந்தப் பட முதலாளி நல்ல மனிதர். இதைச் சொல்லியே ஆகவேண்டும். வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்களுக்கும் காப்பி கொண்டுவரச் சொன்னார். நான் வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த பேச்சை ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "ஒரு வரியில சொல்லுங்க தம்பி. அதுல நிக்கலேன்னா அப்புறம் எதுலயும் நிக்காது." எனக்குச் சிரிப்பு வந்தது. கேஜ்காரனிடமா இதைச் சொல்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். முதலில் எஞ்சின் டிரைவர் கதையைச் சொன்னேன். தலையை ஆட்டினார். "நல்லாருக்கு. ஆனா ஒரு வில்லன் வேணும். மாமனாரே வில்லன்னா தாய்மாருங்க ஒத்துக்க மாட்டாங்க." பிறகுதான் அக்கா கதையைச் சொன்னேன். யாருடைய கதை என்று சொல்லவில்லை.

அவர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார், மூடினார். "பாவம்" என்றார். பிறகு கேட்டார், "இது நிலைமை தம்பி, கதை இல்லை. அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்?"

"புருஷன் வேணுங்க."

"கிடைக்குமா?"

"எப்படிங்க கிடைக்கும்? அடைச்சிட்டாங்களே."

"அப்போ ரெண்டு மணி நேரம் நான் எதைக் காட்டறது? கழுத்துல தாலி இருக்கா?"

"இருக்குங்க."

"தாலி இருக்குன்னா ஜனங்க அவன் உயிரோட இருக்கான்னுதான் உக்காந்திருப்பாங்க." அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்போ பாருங்க. ஊர்ல எல்லாரும் சேர்ந்து அவளைச் சம்மதிக்க வெச்சுட்டாங்க. கருமாதிக்கு நாள் குறிச்சாச்சு. அன்னைக்குக் காலையில வாசல்ல வந்து நிக்கிறான்."

நான் நாள் குறித்ததைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவரிடம் சொல்லவில்லை. தானாகவே அவருக்கு வந்திருந்தது. அதைவிட மோசம் என்னவென்றால், என் வரியைவிட அவருடைய வரி நன்றாக இருந்தது. ஆள் இருந்தது, ஆசை இருந்தது, நாள் நெருங்குகிற பதைப்பு இருந்தது. இதைக் கேஜில் சொன்னால் மேல் லெவல்காரன் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்பான். நடக்காது ஐயா, அந்தப் பாறைக்கு அடியிலிருந்து ஒருவனும் வர முடியாது என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவரே வழியும் சொல்லிவிட்டார். பழைய சுரங்கத்துக்குள் வேறு வழி இருக்கும், அதில் வேறு பக்கமாக வெளியே வந்து, ஞாபகம் தப்பி, மெட்ராஸில் எங்கேயோ திரிந்துகொண்டிருப்பான் என்றார். பழைய வழிகள் ஒன்றோடொன்று சேருவது உண்மைதான். நான் வாயை மூடிக்கொண்டேன். பார்க்கலாம், சொல்லி அனுப்புகிறேன் என்றார். கும்பிட்டுவிட்டு வந்தோம்.

திரும்பி வரும்போது நான் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். கூட்டாளிக்குக் கால் தரையில் பாவவில்லை. "வந்து நிக்கிறான் பாரு, வாசல்ல!" என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லித் தொடையைத் தட்டிக்கொண்டான்.

மெட்ராஸ் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வந்த மறுநாள் காய்ச்சலில் படுத்துவிட்டேன். கூட்டாளி மட்டும் காலை ஷிப்டுக்குப் போனான். கேஜில் எல்லோரும் அவனைப் பிடித்துக்கொண்டு, மெட்ராஸ் போனீங்களே, என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறார்கள். அவன் என்னைப்போலக் கதை சொல்லிப் பழகியவன் இல்லை. யாருடைய கதை என்பதை மறைக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை. "நம்ம ஸ்கெலட்டன் அக்கா வீட்டுக்காரரு இல்ல, ஏர் பிளாஸ்ட்ல போனவரு? அவரு சாவலயாம். பழைய வழியா வெளிய பூந்து மெட்ராஸ்ல கீறாராம். கருமாதி அன்னிக்கு வந்து நிக்கறாராம்" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டான். நான் கற்றுக்கொடுத்த முறைதான். ஆளை முதலில் சொல், சிக்கலை உடனே சொல். அதற்குள் முதல் லெவல் வந்து ஒரு கூட்டம் இறங்கிப் போனது. அடுத்த லெவலில் இன்னொரு கூட்டம். முதலாளி இதைப் படமாக எடுக்கப்போகிறார் என்பதை அவன் சொல்லி முடித்தபோது கேஜில் எங்கள் லெவல் ஆட்கள் மட்டும்தான் இருந்தார்கள். அவர்கள் கைதட்டினார்களாம்.

சாயங்காலம் வெளியே வந்தபோது மேல் லெவல்காரர்கள் ஒருவர்கூட அவனிடம் மிச்சத்தைக் கேட்கவில்லை. மிச்சம் இருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. மெட்ராஸிலிருந்து சேதி வந்திருக்கிறது என்று ஓட்டமாக வீட்டுக்கு ஓடினார்கள்.

நான் கம்பளிக்குள் படுத்திருந்தேன். குழாயடியில் பெண்கள் கூச்சல் போடுவது கேட்டது. எங்கள் அம்மா உள்ளே வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏண்டா எங்கிட்ட சொல்லல?" என்றாள். எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்தேன். அம்மாவைப் பிடித்துக்கொண்டு அடுத்த லைனுக்குப் போனேன். அக்கா வீட்டு வாசலில் ஊரே நின்றது. ஒருத்தி ஆரத்திக்குத் தட்டுகூட எடுத்து வந்திருந்தாள். நடுவில் அக்கா தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வது? கல்யாணத்தன்றுகூட அவள் அப்படி இருக்கவில்லை.

"அக்கா, அது கதை" என்றேன். "சினிமாவுக்குச் சொன்ன கதை."

கூட்டம் கலைய வெகுநேரம் பிடித்தது. சிலர் என்னைத் திட்டினார்கள், சிலர் கூட்டாளியைத் திட்டினார்கள். அவன் வந்து அக்கா காலடியில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதான். அவனை நான் என்ன சொல்ல முடியும்? எங்கள் பெயர் பெரிதாக வேண்டும் என்று ஆசைப்பட்டான், அவ்வளவுதான். முதலாளியை என்ன சொல்ல முடியும்? அவர் தன் வேலையைச் செய்தார். கோபப்பட எனக்கு ஆள் கிடைக்கவில்லை. கோபக்காரனுக்கு அதைவிடத் துன்பம் கிடையாது.

அக்கா அழவில்லை. எல்லோரும் போன பிறகு என்னை உட்கார வைத்துக் கஞ்சி கொடுத்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்.

"நீ சொன்ன கதையில அவரு செத்துத்தானே கீறாரு?"

"ஆமாக்கா."

"வராருன்னு சொன்னது யாரு?"

"மொதலாளி."

"அவருக்கு நம்மள முன்ன பின்ன தெரியுமா?"

"தெரியாது."

"நாள் குறிச்சது தெரியுமா?"

"தெரியாதுக்கா. நான் சொல்லல."

"எங்கூடப் பொறந்தவன் நீ, உனக்கே அவரு வருவாருன்னு தோணல. எங்கயோ மெட்ராஸ்ல குந்தினுகீறவருக்கு எப்படிடா தோணுச்சு? யாரும் சொல்லாம?"

"அதுதான்க்கா அவங்க தொழிலு. இல்லாதத இருக்கற மாதிரி சொல்றது."

"இன்னொரு தபா போய் அவரக் கேட்டுகினு வா. எதுனா காதுல வுழுந்திருக்கும், இல்லாட்டி யாரையாவது பார்த்திருப்பாரு. கேட்டுகினு வா. அப்பறம் நீங்க சொல்றபடி கேக்கறேன்."

கருமாதி நாளைத் தள்ளி வைத்தார்கள். நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கத்தினேன். சுவர் வைத்தபோது நானே கல் எடுத்துக் கொடுத்ததைக்கூடச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எப்ப போற?" என்றாள். காய்ச்சல் விட்டதும் மறுபடி ரயில் ஏறினேன், இந்தத் தடவை தனியாக.

முதலாளி வேறு யாரோடோ வேறு ஏதோ கதை பேசிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. சுரங்கம், தாலி, கருமாதி என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். "ஓ, அதுவா! மறந்தே போச்சு தம்பி. நல்ல லைன்தான். யாராவது எடுத்தா எடுக்கலாம்" என்றார்.

"ஐயா, அவன் திரும்பி வருவான்னு நீங்க எதை வெச்சுச் சொன்னீங்க?"

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "வந்தாத்தானே தம்பி கதை? வரலேன்னா அது சாவு. அது எல்லார் வீட்டுலயும்தான் இருக்கு."

அவர் சொன்னது சரி. தொழில் தெரிந்தவர் பேச்சு. அதை எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் எப்படிக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. பங்காருப்பேட்டை வரும்வரை ஒரு வரி தேடினேன். கேட்டதும் அவளுக்கு விளங்கிவிட வேண்டும், மறுகேள்வி எழக்கூடாது, அவள் உடைந்து போய்விடவும் கூடாது. எத்தனையோ கதைகளைக் கழித்துக் கழித்துச் சுருக்கியவன் நான். எதைக் கழித்தாலும் இதில் மாமா செத்துப்போனது மட்டும் மிஞ்சியது. அதை என் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஊரிகம் ஸ்டேஷனில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். வண்டி நிற்பதற்கு முன்பே பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்த பிறகும் எனக்குப் பின்னால் யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்தாள்.

"இன்னா சொன்னாரு?"

"அவருக்கு ஞாபகமே இல்லக்கா. மறந்துட்டேன்னாரு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். முகம் வாடும் என்று காத்திருந்தேன். வாடவில்லை.

"மறந்துட்டேன்னுதானே சொன்னாரு? இல்லன்னு சொல்லலியே."

என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். சாயங்காலச் சங்கு ஊதியது, ஷிப்ட் முடிந்த ஆட்கள் எதிரே வந்தார்கள். எங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டி மேலிருந்த மாமாவின் சட்டையை எடுத்து விரித்து என்னிடம் காட்டினாள். கழுத்துக்குக் கீழே ஒரு பொத்தான் எப்போதோ அறுந்து போயிருந்தது. நான் மெட்ராஸ் போயிருந்தபோது அந்த இடத்தில் புதுப் பொத்தான் தைத்திருக்கிறாள்.

"கடையில இந்தக் கலர்தான் கெடைச்சுது. மத்ததோட ஒத்துப்போவுதா பாரு" என்றாள்.

சட்டையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். "ஒத்துப்போகுதுக்கா" என்றேன்.